எண்கும் வேட்டுவரும்: கென்னத் ஆண்டர்சனின் வாழ்வு

குற்றாலம் என்றவுடன் சாரற்காலமே எல்லார் நினைவிலும் எழுகின்றது. ஆனியும் ஆடியும் வந்தால் ஊர் நிரம்பும், அருவி நிரம்பும், தென்காசித் தெருக்களிலும் மலைக்காற்றின் ஈரம் தவழும். ஆனால் பங்குனி, சித்திரைக் குற்றாலத்தைக் காண வருவார் சிலரே. அப்பொழுது அருவி இளைத்து நூலாகும். பாறைகள் தம் கரிய மேனியைக் காட்டி நிற்கும். மலையடிவாரத்தில் இலையுதிர்த்து நிற்கும் இலுப்பை மரங்கள் மட்டும் அவ்வேளையில் பூத்துச் சொரியும். வைகறையில் அம்மரத்தடியில் வெண்ணிறப் பூக்கள் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். அவற்றின் தேனினிமையை நாடி மலையினின்று இறங்கி வருகின்ற விலங்கு ஒன்றுண்டு. அதுவே கரடி.

சங்கச் சான்றோர் அதனை எண்கு என்றனர். உளியம் என்னும் பெயரும் அதற்குண்டு. எண்கு இருப்பைப் பூவை உண்பதையும், புற்றினை அகழ்ந்து உள்ளிருக்கும் ஈயலை உறிஞ்சுவதையும் அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் பல இடங்களிற் காட்டுகின்றன. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் செல்லும் சுரத்தின் அச்சத்தை உணர்த்துவதற்கு அப்புலவர்களுக்கு அக்காட்சி பயன்பட்டது. இருபதாண்டுகளாக மாணவியர்க்கு இப்பாடல்களைக் கற்பித்து வருகின்ற நான், எண்கு என்பதற்குக் கரடி என்று பொருள் சொல்லிக் கடந்து போவதே வழக்கமாக இருந்தது. அவ்விலங்கைப் பற்றிச் சற்று நின்று எண்ணத் தூண்டியவர் தமிழ்ப் புலவர் அல்லர். பெங்களூரில் வாழ்ந்த ஒரு வேட்டைக்காரர். அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பிற் படித்தபொழுது, ஆங்கிலப் பாடநூலில் வளர்ப்புக் கரடி ஒன்றைப் பற்றிய பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் நின்றவாறே கேட்ட நான் கைவேலையை விட்டுவிட்டு அவளருகில் வந்தமர்ந்தேன். அப்பாடத்தின் ஆசிரியர் யார் எனத் தேடியபொழுது, புலியும் சிறுத்தையும் கரடியும் கொன்று புகழ்பெற்றவர் அவர் என்பது தெரிந்தது. கொன்ற கையே வளர்க்கவும் செய்தது எங்ஙனம் என்னும் வினா அன்று முதல் என்னை விடவில்லை. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒருவர் வாழ்க்கையை எழுதுக எனப் பணித்தபொழுது, அவ்வினாவே இக்கட்டுரையாயிற்று.

பிறப்பும் பணியும்

கென்னத் ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்து நாட்டினர். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்து வந்த குடும்பம் அது. தந்தை இராணுவக் கணக்குத் துறையைச் சார்ந்தவர். காட்டின்மீது மகனுக்கு ஈடுபாடு பிறந்ததற்குத் தந்தையே முதற்காரணர் எனலாம். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் தூய வளனார் கல்லூரியிலும் ஆண்டர்சன் பயின்றார். அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்ப் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவின் மேலாளராக விளங்கினார்.

எனவே வேட்டை அவருக்குத் தொழிலன்று. கிழமை முழுதும் அலுவலகத்திலிருந்துவிட்டு, விடுப்புக் கிடைத்தவுடன் காட்டை நோக்கிப் புறப்படும் நடுத்தரக் குடும்பத்தவர் அவர். அரசர்களைப் போல யானைமேல் அமர்ந்து, நூறுபேர் பறையறைந்து விலங்கை வளைத்துக் கொணர, மேலிருந்து சுடும் வேட்டை அவருடையதன்று. பழைய மோட்டார் வண்டி ஒன்று, பழகிப்போன துப்பாக்கி ஒன்று, வழிகாட்டும் காட்டுவாசி ஒருவர் என்னும் இவையே அவருடைய படை. பெரும்பாலும் கால்நடையாகவே காடுகளில் அலைந்தார். தனித்து இரவுகளைக் கழித்தார்.

ஆங்கிலத்தோடு கன்னடமும் தமிழும் அவர் பேசுவார். இஃது அவர் வாழ்க்கையில் மிகவும் கருதத்தக்கது. புலி எங்கே நீர் குடித்தது, கரடி எந்தக் குகையிற் படுத்தது என்னும் செய்திகள் அரசாங்கக் கோப்புகளில் இருப்பவை அல்ல. அவை மாடு மேய்ப்பவரிடத்தும், மூங்கில் வெட்டுபவரிடத்தும், தேனெடுப்பவரிடத்தும் இருப்பவை. அவர்தம் மொழியிலேயே அவர்களோடு அமர்ந்து பேசும் ஆற்றல் பெற்றிருந்தமையால்தான் ஆண்டர்சனுக்குக் காடு தன் கதவைத் திறந்தது.

தமிழ்நிலத்துக் காடுகளில்

அவருடைய நூல்களைப் படிக்கும் தமிழர்க்கு வியப்பூட்டுவது, அவற்றில் நிறைந்திருக்கும் நம் ஊர்ப்பெயர்களாகும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என அன்றைய சேலம் மாவட்டத்தின் ஊர்கள் பக்கந்தோறும் வருகின்றன. இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அடங்கும் இந்நிலம் அவருக்கு இரண்டாம் வீடு போன்றது. சின்னாற்றங்கரையில் மண்பொந்தில் வாழ்ந்த பைரா என்னும் பூசாரிக் குடியினர் அவர்க்கு ஆசானும் நண்பரும் ஆவார். பென்னாகரத்து ரங்கா என்பவரும் அவருடன் நெடுங்காலம் காடு திரிந்தவர். கற்றவர் உலகம் அறியாத இவ்விருவரையும் உலகறியச் செய்தவை ஆண்டர்சனின் எழுத்துகள்தாம்.

1939 முதல் 1966 வரை மனிதரைக் கொன்று தின்ற சிறுத்தைகள் எட்டினையும் புலிகள் ஏழினையும் அவர் சுட்டதாக அரசின் ஏடுகள் கூறுகின்றன. அவருடைய முதல் நூல் 1954இல் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளையும் மதங்கொண்ட யானை ஒன்றினையும் பற்றியது அது. அதன்பின் 1957, 1959, 1961, 1964, 1967, 1970 ஆகிய ஆண்டுகளிலும் காட்டு நூல்கள் வந்தன. அவர் மறைந்தபின் 1976இலும் ஒரு நூல் வெளியாயிற்று.

ஜவளகிரிப் பெண்புலியைப் பற்றி அவர் எழுதியிருப்பது என் நெஞ்சைத் தொட்டது. துணையை இழந்த அப்புலி மனிதரைக் கொல்லத் தொடங்கியது. அதனைத் தேடியலைந்த ஆண்டர்சன், ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பினார். துணை அழைப்பதாக எண்ணி வந்த புலி குண்டுக்கு இரையாயிற்று. ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் காதற்குரல் காட்டி ஏமாற்றிக் கொன்றோமே என்னும் உறுத்தல் அவருடைய எழுத்தில் மறையாமல் நிற்கின்றது. வேட்டுவர் நெஞ்சில் அருள் முளைவிடும் இடம் இதுவே எனக் கொள்ளலாம்.

கரடியின் இயல்பு

ஆண்டர்சனுக்கும் கரடிக்கும் உள்ள தொடர்பைக் காணுமுன், அவ்விலங்கின் இயல்பினை அறிதல் வேண்டும். நம் நாட்டுக் கரடியை 1791இல் முதன்முதல் விவரித்த ஐரோப்பிய அறிஞர் ஜார்ஜ் ஷா, அதன் நீண்ட நகங்களைக் கண்டு, அமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் அசமந்த விலங்கின் இனம் எனத் தவறாகக் கருதினார். அத்தவற்றின் நினைவாக இன்றும் ஆங்கிலத்தில் சோம்பற்கரடி என்னும் பொருள்படும் பெயரே அதற்கு வழங்குகின்றது. உண்மையில் அது சோம்பலறியாத விலங்கு. பனிநாட்டுக் கரடிகளைப் போல மாதக்கணக்கில் உறங்குவதுமில்லை.

புற்றை உடைக்க ஏற்ற நகங்களும், கரையானை உறிஞ்ச ஏற்ற நீண்ட உதடுகளும் அதற்குண்டு. மேல்வரிசையின் நடுவில் முன்பற்கள் இரண்டு இல்லாமையால் அவ்விடைவெளி குழலாகப் பயன்படுகின்றது. மார்பில் வெண்பிறை போன்ற அடையாளம் விளங்கும். தாய் தன் குட்டிகளை முதுகின்மேல் சுமந்து செல்லும். கரையான், எறும்பு, தேன், அத்திப்பழம், பலாப்பழம், இலுப்பைப் பூ ஆகியன அதன் உணவு. மனிதனை உண்ண வேண்டிய தேவை அதற்கு இல்லை.

அவ்வாறாயின் அது மனிதனைத் தாக்குவது ஏன்? அதன் மோப்பம் கூரியது. பார்வையும் செவியும் அத்துணைக் கூரியன அல்ல. தலையைப் புற்றினுள் நுழைத்துப் பேரொலியோடு உறிஞ்சும்பொழுது, பக்கத்தில் மனிதன் வருவதை அஃது உணர்வதில்லை. திடீரென நெருக்கத்தில் காணும்பொழுது அஞ்சுகின்றது, அவ்வச்சமே சினமாகிறது. ஓடித் தப்பும் வேகமோ மரமேறி மறையும் எளிமையோ புலிக்கஞ்சும் அதற்கு வாய்க்கவில்லை. எனவே எதிர்த்து நிற்கின்றது. அது நகத்தால் முதலிற் கிழிப்பது முகத்தையே. உயிர் தப்பியவரும் கண்ணிழந்து, மூக்கிழந்து வாழ நேர்கின்றது. மலைவாழ் மக்கள் புலியினும் கரடிக்கு அஞ்சுவதன் காரணம் இதுதான்.

ஆங்கிலேயர் காலத்தில் வேனிற்பருவமே கரடி வேட்டைக்குரிய பருவமாக இருந்தது. இலுப்பை பூக்கும் இடங்களில் மரத்தடியில் மறைந்திருந்தால் கரடி தானே வரும். பூவின் இனிமையில் மயங்கி நிற்கும் விலங்கைச் சுடுவது எளிது. கொன்றவர்க்கு அரசு பரிசும் அளித்ததுண்டு. உண்ண வருமிடத்தே காத்திருந்து கொல்வதை அக்காலத்தார் வீரம் என எண்ணினர். ஆண்டர்சன் வளர்ந்தது இச்சூழலில்தான்.

இங்கே நம் பழைய மரபு ஒன்றனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தினையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றிற் பாடுகின்றார். அவ்வைந்தில் எண்கு இல்லை. கம்பர் காவியத்திலோ கரடியினத் தலைவனாகிய சாம்பவன் அறிவுரை கூறும் முதியவனாக விளங்குகின்றான். அனுமனுக்கு அவன் ஆற்றலை நினைவூட்டுபவன் அவனே. நம் குற்றாலக் குறவஞ்சியில் திரிகூட ராசப்பக் கவிராயர் காட்டும் வேட்டையும் பறவை வேட்டையே. கரடியைக் கொல்வதைப் புகழாகக் கொள்ளும் மனம் நம் இலக்கியத்தில் ஓங்கி நிற்கவில்லை என்பது என் கருத்து.

அர்சிகெரேக் கரடி

ஆண்டர்சன் கொன்ற கரடிகளுள் பெயர் பெற்றது மைசூர் நாட்டு அர்சிகெரேக் கரடி. பாறைகள் செறிந்த நாகவார மலைப்பகுதியில் அது திரிந்தது. பன்னிருவரைக் கொன்று, ஏறத்தாழ இருபத்துநால்வரைக் காயப்படுத்தியது. இறந்தோருள் மூவரின் உடலை ஓரளவு தின்றும் இருந்தது. கரடியின் இயல்புக்கு இது முற்றிலும் மாறானது.

ஊரார் இதற்குப் பல காரணங்கள் கூறினர். குட்டியைப் பறிகொடுத்த தாய் பழிவாங்குகிறது என்றனர் சிலர். பெண்ணொருத்தியைக் கரடி கவர்ந்து சென்றதாகவும், ஊரார் அவளை மீட்டுவந்ததால் அது வெகுண்டதாகவும் கதை கட்டினர் வேறு சிலர். ஆண்டர்சன் இவற்றை நம்பவில்லை. முன்னொருகால் மனிதரால் காயமுற்ற கரடியாக அஃது இருத்தல் வேண்டும் என்பதே அவருடைய முடிவு. பழி விலங்கின்மேல் மட்டும் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

முதலில் அவர் இக்கரடியைத் தேடிப் புறப்படவில்லை. அலுவலும் தொலைவும் தடுத்தன. அம்மலையருகே இசுலாமியர் வழிபடும் தர்கா ஒன்று இருந்தது. அதனைப் பேணி வந்த முதியவர் ஆலம் பக்சு என்பார் ஆண்டர்சனுக்குப் பழக்கமானவர். வழிப்போக்கராகச் செல்லும்பொழுதெல்லாம் அவரிடம் நின்று பேசிச் செல்வது வழக்கம். அம்முதியவருடைய மகன், இருபத்திரண்டு அகவையினன், ஓரிரவு வீட்டின் வெளியே சென்றபொழுது கரடியால் தாக்குண்டு இறந்தான். அருகிலிருந்த அத்திமரத்தின் கனியை உண்ண வந்திருந்தது கரடி. இருளில் இருவரும் எதிர்ப்பட்டனர். அதனால் நேர்ந்த சாவு அது.

நண்பரின் துயரச் செய்தி எட்டியபின் ஆண்டர்சனால் வாளாவிருக்க இயலவில்லை. உடனே புறப்பட்டார். முதல் முயற்சி வெற்றிபெறவில்லை. பின்னர்ச் சிக்கமகளூர்ப் பகுதியிலும் கரடியின் கொடுமை தொடர, மீண்டும் சென்றார். மூன்றாம் முயற்சியில்தான் அதனைச் சுட்டு வீழ்த்தினார். முகம் சிதைந்து வாழ்வோர் பலரை அவ்வூர்களில் அவர் கண்டார். அவர்களைக் கண்டவர் எவரும் அக்கரடியைக் கொன்றது தவறு என்று கூற முன்வரமாட்டார்.

கரும்புக் காட்டிற் கிடைத்த குட்டி

இனி அந்த மற்றொரு கரடியைக் காண்போம். மைசூர் அருகே கரும்புத் தோட்டங்களின் வழியே ஆண்டர்சனும் உடன் வந்தோரும் சென்றுகொண்டிருந்தனர். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை உழவர் வெடிவைத்து விரட்டிய நேரம் அது. கரும்பினிடையிலிருந்து கரடியொன்று வெயிலில் இளைத்து வெளிவந்து நின்றது. அஃது எவரையும் தாக்கவில்லை. ஆயினும் உடன்வந்தோருள் ஒருவர் அதனைச் சுட்டுவிட்டார். வீழ்ந்த கரடியை அணுகிப் பார்த்தபொழுது அதன் முதுகின் மயிர் அசைந்தது. தாயின் முதுகைப் பற்றியவாறு குட்டியொன்று அதன்மேல் கிடந்தது. தாய் இறந்ததறியாது அதனைச் சுற்றிச் சுற்றி ஓடி அக்குட்டி கதறியது.

ஆண்டர்சன் பெரும்பாடுபட்டு அதனைப் பிடித்துச் சாக்கில் இட்டுப் பெங்களூருக்குக் கொணர்ந்து மனைவியிடம் அளித்தார். அம்மையார் கழுத்தில் வண்ண நாடா கட்டி, புட்டிப்பால் ஊட்டி, புரூனோ எனப் பெயரிட்டு வளர்த்தார். சில நாள்களில் அது சோறும் குழம்பும் மிட்டாயும் காப்பியும் எனக் கொடுத்தவை அனைத்தையும் உண்ணத் தொடங்கியது. வீட்டு நாய்களோடும், குடியிருந்தோர் குழந்தைகளோடும் விளையாடியது, கட்டிலில் உறங்கியது. துப்பாக்கியைக் காட்டு என்றால் மூங்கிற்கழியைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும். குழந்தையைக் காட்டு என்றால் மரக்கட்டையைத் தாலாட்டும்.

ஒருமுறை எலிக்கு வைத்திருந்த நஞ்சினைத் தின்று கைகால் விழுந்து கிடந்தது. கால்நடை மருத்துவர் இருமுறை ஊசியிட, அரை மணி அளவில் எழுந்து மீண்டும் உண்டது. மற்றொருமுறை வண்டியினின்று வடித்த பழைய எண்ணெயைக் குடித்தும் ஒன்றும் நேராமல் தப்பியது. இவற்றையெல்லாம் ஆண்டர்சன் நகைச்சுவை ததும்ப எழுதியிருக்கின்றார். ஆனால் அந்நகைக்குள்ளே தாய்க்கரடியின் குருதி உறைந்திருப்பதை நாம் மறத்தல் இயலாது. துப்பாக்கியும் குழந்தையும் என்னும் அவ்விரு விளையாட்டுப் பொருள்களை எண்ணுந்தோறும் என் மனம் கலங்குகின்றது. தன் தாயைக் கொன்ற கருவியையே அக்குட்டி விளையாட்டாக ஏந்தி நின்றது!

குட்டி பெருங்கரடியாக வளர்ந்தது. குடியிருப்போரின் குழந்தைகளுக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சத்தால் பெரும்பொழுதும் அது கட்டப்பட்டிருந்தது. இறுதியில் ஆண்டர்சனும் மகனும் நண்பர்களும் வற்புறுத்த, அம்மையார் அதனை மைசூர் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்ப இசைந்தார். அங்கே அது உணவு மறுத்து மெலிந்தது. இங்கே அம்மையாரும் உணவு கொள்ளாது வருந்தினார். மூன்று திங்கள் கழித்துப் பார்க்கச் சென்றபொழுது, தொலைவிலேயே அம்மையாரை அடையாளம் கண்டு, கரடி தலைகீழாக நின்று மகிழ்ந்தது. மணிக்கணக்கில் அதற்கு உணவூட்டிய அம்மையார், புறப்படும் நேரம் வந்ததும் கதறி அழுதார். காட்சிச்சாலையினரும் கண்கலங்கினர் என்பர். மேலதிகாரியின் ஒப்புதல் பெற்றுக் கரடி மீண்டும் பெங்களூர் சேர்ந்தது.

வீட்டு வளாகத்தில் இருபதடி நீளமும் பதினைந்தடி அகலமும் உடைய திட்டு அமைத்து, சுற்றிலும் ஆறடி அகலமும் ஏழடி ஆழமும் கொண்ட வறட்டு அகழி வெட்டினர். கோழிக்கூடாக இருந்த மரப்பெட்டி கரடியின் உறைவிடமாயிற்று. அதன் பழைய மூங்கிற்கழியும் மரக்கட்டையும் உடன் வைக்கப்பட்டன. அம்மையாரோ மாமரக் கிளையிற் கயிறு கட்டி, ஊஞ்சலாடுவது போல அகழியைத் தாண்டித் திட்டுக்குச் சென்று, கரடியை மடியிற் கிடத்திக்கொண்டு பொழுதைக் கழிப்பார்.

பிரியத்தின் பெருமையைக் காட்டுகின்ற கதையாகவே இதனைப் பாடநூல் மாணவர்க்கு அளித்தது. அது பொய்யன்று. எனினும் காட்டிற் பிறந்த உயிரைக் காட்டினின்று பிரித்தபின், அகழி சூழ்ந்த சிறு திட்டைத்தான் மிகச் சிறந்த அன்பினாலும் தரமுடிந்தது என்பதும் அக்கதையிலேயே அடங்கியிருக்கின்றது.

வேட்டுவரின் மாற்றம்

வயது முதிர முதிர ஆண்டர்சன் துப்பாக்கியைக் குறைத்து ஒளிப்படக் கருவியை நாடினார். மனிதர்க்குத் தீங்கு செய்யாத விலங்கைப் பொழுதுபோக்கிற்காகக் கொல்வது தகாது என்னும் கருத்து அவரிடம் வலுப்பெற்றது. இரவில் வண்டி விளக்கொளியில் மானைச் சுடுவாரையும், நீர்நிலையில் நஞ்சிடுவாரையும் அவர் வெறுத்தார். தாம் இளமையிற் கண்ட காடுகள் கண்ணெதிரே சுருங்குவதைக் கண்டு வருந்தினார். தென்னாட்டுக் காடுகளின் அழிவைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தவர்களுள் ஒருவராக அவரைக் கருதலாம்.

அவர் எழுத்துகளில் குறையில்லை என நான் கூறவில்லை. காட்டில் நடந்தவற்றுக்குப் பெரும்பாலும் அவரே எழுதியவர், அவரே சான்று. மிகையாகக் கதை சொல்வதைக் கரடி விடுதல் என்று கேலி பேசும் நாம், வேட்டைக் கதைகளைப் படிக்கும்பொழுது சற்று விழிப்போடு இருத்தல் நலம். பேய், மாயம் முதலியவற்றிலும் அவருக்கு நாட்டம் இருந்தது. ஆங்கில ஆட்சிக்கால வேட்டை மனப்பான்மையின் சுவடும் ஆங்காங்கே உண்டு. ஆயினும் தாம் செய்த தவறுகளையும், தப்பிய குறிகளையும், கொன்றபின் கொண்ட வருத்தத்தையும் மறைக்காமல் எழுதியவர் அவர். புகழ்தேடும் வேட்டுவர் எழுத்தில் இப்பண்பு அரிது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் பிறந்தது. ஈராண்டு கழித்து, 1974 ஆகஸ்டு 30ஆம் நாள் புற்றுநோயால் கென்னத் ஆண்டர்சன் மறைந்தார். அவர் மகன் டொனால்டும் காட்டுலாவில் தந்தையின் வழி நின்றவர், 2014இல் காலமானார். இன்று கரடி அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. வேனிலில் இலுப்பை மரத்தடியில் காத்திருந்து அதனைச் சுடுவது, ஒருகாலத்தில் பரிசுக்குரியதாக இருந்து, இன்று சிறைக்குரிய குற்றமாயிற்று. அறுபத்துநான்கு ஆண்டு வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கைக்குள்ளேயே உலகின் அறம் இங்ஙனம் திரும்பியது.

நம் மலையடிவாரத்தில்

நம் மலையைச் சார்ந்த முண்டந்துறையும் களக்காடும் 1988இல் இணைந்து புலிகள் காப்பகமாயின. அதனால் கரடியும் காக்கப்படுகின்றது. ஆனால் சட்டம் எழுதப்பட்டவுடன் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே கரடியொன்று மூவரைத் தாக்கியது. ஒருவரைக் காப்பாற்ற ஓடிச்சென்றவர்களும் தாக்கப்பட்டனர். மூவரும் கடுங்காயமுற்றனர். அதனைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊரார் கொதித்ததில் வியப்பில்லை. வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து மலைக்காட்டில் விட்டனர், அக்கரடியும் பிழைக்கவில்லை.

அந்நாள்களில் வகுப்பில் அகநானூற்றுப் பாலைப் பாடலொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். எண்கு என்றதும் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி தலை கவிழ்ந்தாள். வகுப்பு முடிந்தபின் காரணம் கேட்டேன். மலையடிவார ஊரைச் சார்ந்தவள் அவள். தன் தந்தை நாள்தோறும் விடியுமுன் தோட்டத்திற்குச் செல்வதாகவும், அவர் திரும்பும்வரை தாய் வாசலிலேயே நிற்பதாகவும் கூறினாள். ஆற்றிடைத் தலைவனுக்கு ஏதம் வருமோ என அஞ்சும் தலைவியின் அச்சத்தை இருபதாண்டு கற்பித்திருக்கின்றேன். அதனை அன்றுதான் நேரிற் கண்டேன். காட்டுயிரைக் காத்தல் வேண்டும் என நகரத்திலிருந்து எழுதுதல் எளிது. அந்த வாசலில் நிற்பது எளிதன்று.

ஆண்டர்சனின் வாழ்க்கை இவ்விடத்தில்தான் நமக்குப் பயன்படுகின்றது. ஆலம் பக்சின் மகனுக்காக அவர் துப்பாக்கி ஏந்தினார். கரும்புக் காட்டுக் குட்டிக்காகச் சாக்கு விரித்தார். இரண்டும் ஒரே நெஞ்சின் செயல்கள். மனிதர் துயரைக் கண்டு விலங்கை முற்றிலும் பகையாக்கவும் இல்லை. விலங்கின்மேற்கொண்ட பரிவால் மனிதர் துயரை மறக்கவும் இல்லை. கொடுமை செய்த கரடிக்குப் பின்னேயும் மனிதன் இழைத்த காயம் ஒன்று இருக்கக்கூடும் எனத் தேடிப் பார்த்தார். அத்தேடல் இன்று துப்பாக்கியின்றியே நடைபெறுதல் கூடும். அடிவாரத்து இலுப்பையும் அத்தியும் வெட்டுண்டால் கரடி எங்கே போகும்? விடியுமுன் நடக்கும் உழவனுக்கு விளக்கும் துணையும் தந்தோமா? காயமுற்றவன் குடும்பத்திற்கு உதவி காலத்தே சேர்ந்ததா? இவையே இன்றைய வேட்டுவர் கேட்க வேண்டிய வினாக்கள்.

இரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து கவிதை சுவைத்த குற்றாலம் இது. சுவைத்தல் என்பது சொல்லோடு நின்றுவிடுவதன்று. பங்குனியில் இலுப்பை பூக்கும். எண்கு இறங்கி வரும். உழவரும் தோட்டம் செல்வர். இம்மூன்றும் ஒருங்கே நிகழ்ந்து எவர் முகத்திலும் குருதி தோயாத ஒரு வேனில் நம் மலையடிவாரத்திற்கு வாய்க்குமாயின், அதுவே அவ்வேட்டுவர்க்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னம் ஆகும். அடுத்த வேனிலில் அம்மாணவியின் தாய் வாசலை விட்டு உள்ளே சென்று அடுக்களைப் பணியைத் தொடங்குதல் வேண்டும். மலைமேல் ஏதோ ஒரு தாய்க்கரடியும் தன் குட்டியை முதுகிற் சுமந்து அச்சமின்றி நடத்தல் வேண்டும்.